முயல் மசால் வெளுத்தால், தேங்கினால், கருகினால்: எதற்கு எந்த உரம், எப்போது சுண்ணாம்பு

"முயல் மசால் மஞ்சளாகிவிட்டது, சுண்ணாம்பு போடலாமா?" என்று யாராவது கேட்காத பருவமே இல்லை. பத்து வயலில் ஏழெட்டில் சுண்ணாம்புக்கு வேலையே இருக்காது. முயல் மசால் (ஸ்டைலோ) அமில மண்ணைத் தாங்கும் பயறுவகைத் தீவனப் பயிர். பிஎச் (மண்ணின் அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 4.5 வரை இறங்கிய மண்ணிலும் வேரை ஓட்டிக்கொள்ளும். அதற்குக் குறைவது பெரும்பாலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்), கந்தகம், சாம்பல்சத்து (பொட்டாசியம்), அல்லது வேரில் முடிச்சு. மற்றத் தீவனப் பயிர்களான வேலி மசாலும் சவுண்டலும் (சூபாபுல்) அப்படியில்லை. அவற்றுக்கு நடுநிலையிலிருந்து சற்றே காரமான மண் வேண்டும், கடும் அமில மண் ஒத்துக்கொள்ளாது. ஆகவே எந்தப் பயிர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், காசு கேட்கும் காரணம் கடைசியில்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் மண்வெட்டி

உர மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் நான்கு செடியைத் தோண்டி எடுங்கள். பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும், "முடிச்சே இல்லை" என்று தப்பாக முடிவு கட்டிவிடுவோம். செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, கட்டியோடு தூக்கி, ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து மண்ணைக் கரையவிடுங்கள். இரண்டு செடி நன்றாக இருக்கும் இடத்திலும், இரண்டு செடி மோசமான இடத்திலும் எடுக்க வேண்டும். ஒப்பிட ஆள் இல்லாமல் வேர் எதையும் சொல்லாது.

முடிச்சைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, இரத்தம் கலந்த மாதிரி இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளை என்றால் இன்னும் இளசு, அல்லது வேலை செய்யாத முடிச்சு. பச்சை, பழுப்பு என்றால் ஆயுள் முடிந்தது. வேரோடு வேராகப் புடைத்து, தள்ளினால் உதிராமல் இருந்தால் அது முடிச்சே அல்ல, நூற்புழு கட்டிய கணு. உண்மையான முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தள்ளினாலே உதிரும்.

நேரமும் முக்கியம். விதைத்து ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அறுத்த ஒன்றிரண்டு வாரத்தில் பார்க்காதீர்கள். இலையை இழந்த செடி பழைய முடிச்சுகளை உதிர்த்துவிட்டுப் புதிதாகக் கட்டும், அந்த இடைவெளியில் எந்த வயலும் கெட்ட வயலாகத்தான் தெரியும்.

## அறிகுறி: முளைப்பே சரியில்லை, திட்டுத் திட்டாக வந்திருக்கிறது

இது உரப் பிரச்சினை ஆவது அபூர்வம். முயல் மசால் விதைக்குத் தோல் கெட்டி. கொதித்து இறக்கி சுமார் 80 டிகிரிக்கு ஆறிய நீரில் 4 நிமிடம் போட்டெடுத்து, பிறகு குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்தீர்களா? ஆழமாக மூடிவிட்டீர்களா? மிகச் சிறிய விதை, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் விழுந்தாலே மூச்சு முட்டும்.

அடுத்து, விதையோடு சேர்த்து யூரியாவோ பொட்டாஷோ ஒரே சாலில் விழுந்ததா என்று பாருங்கள். உப்புச் சூட்டில் முளை கருகும். மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் உவர். அங்கே மறுபடி விதை தூவுவதற்கு முன் மண்ணைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி: அடி இலையிலிருந்து வெளுத்து, செடி முழுக்க வெளிர் பச்சை

தழைச்சத்துக் குறை. பயறுவகையில் இதற்கு அர்த்தம், முடிச்சு வேலை செய்யவில்லை என்பதுதான். தோண்டிய வேரைப் பார்த்து வழியைப் பிரியுங்கள்.

முடிச்சே இல்லை என்றால்: முன்பு யூரியா தாராளமாகப் போட்டிருந்தால், செடி சும்மா கிடைத்த தழைச்சத்தில் பழகி முடிச்சு கட்டாமல் விட்டிருக்கும். நிறுத்துங்கள், அடுத்த தழைப்பில் கட்டும். யூரியா போடவே இல்லை என்றால் மண்ணில் அதற்கான ரைசோபியம், அதாவது முடிச்சு கட்டவைக்கும் நுண்ணுயிர், இல்லை. முயல் மசால் பெரும்பாலும் தட்டைப்பயறு, உளுந்து வேரில் வாழும் அதே வகை நுண்ணுயிரோடு ஒத்துப்போகும். அவை விளைந்த மண்ணில் இந்தச் சிக்கல் குறைவு. வேலி மசாலும் சவுண்டலும் அப்படி எல்லாரோடும் சேராது, அவற்றுக்கு உரிய ரைசோபியமே வேண்டும். பாக்கெட்டில் பயிர்ப் பெயரையும் காலாவதித் தேதியையும் படித்துவிட்டு வாங்குங்கள். வெயிலில் கிடந்த பாக்கெட்டில் இருப்பது வெறும் கரித்தூள்.

முடிச்சு நிறைய, ஆனால் சின்னச் சின்னதாக, உள்ளே வெள்ளை அல்லது பச்சை: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முடிச்சு எண்ணிக்கையைப் பார்த்து "வேர் நன்றாக இருக்கிறது" என்று யூரியாவைத் தூக்குவார்கள். அமில மண்ணில் இந்தத் தோற்றம் இருந்தால் மாலிப்டினக் குறையைச் சந்தேகியுங்கள். தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்கு அது இல்லாமல் ஆகாது. சோதிக்க எளிய வழி: 2 மீட்டருக்கு 2 மீட்டர் திட்டில் சோடியம் மாலிப்டேட்டை லிட்டருக்கு அரை கிராம் என்று கரைத்து, இலை நனைகிற அளவு தெளியுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அந்தத் திட்டு மட்டும் கரும்பச்சையானால் விடை கிடைத்தது. வயலுக்கு ஏக்கருக்கு 100 கிராம் போதும், மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. "நன்றாக வேலை செய்கிறது" என்று வருடா வருடம் போடக் கூடாது. மிகுந்தால் தீவனம் வழியாக மாட்டுக்குள் போய், அதன் உடம்பில் செம்புச்சத்தை அடித்துவிடும். கழிச்சலும் முடி வெளுப்பும் தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவர்.

முடிச்சு சிவப்பாக, நன்றாக இருக்கிறது, ஆனாலும் வெளுப்பு: தண்ணீர் தேங்கியதா பாருங்கள். இல்லையென்றால் கந்தகம், கீழே வருகிறது.

## அறிகுறி: மஞ்சள் இல்லை, ஆனால் வளரவும் இல்லை

இலை சிறுத்து, மங்கிய கரும்பச்சையாக, சில நேரம் தண்டில் ஊதா ஓடி, மாதக்கணக்கில் கணுக்காலைத் தாண்டாமல் நிற்கும். நான் அதிகம் பார்த்தது இந்த நோய்தான். நிறம் கெடாததால் யாரும் இதை நோயாக எண்ணுவதில்லை, "மழை இல்லை, அதான்" என்று விட்டுவிடுவார்கள்.

காசில்லாத காரணங்களை முதலில் தள்ளுங்கள். களை மறைக்கிறதா? முயல் மசால் முதல் இரண்டு மாதம் மந்தமாகத்தான் வளரும், களை அதை எளிதில் அமுக்கிவிடும். கடப்பாரை இறங்காத இறுகிய மண்ணா? இவை இல்லையென்றால் மணிச்சத்து.

சரளைச் செம்மண்ணில் இது கிட்டத்தட்ட நிச்சயம். அந்த மண்ணில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். எனவே தூவுவதைவிட விதைச்சாலுக்குப் பக்கத்தில், சற்றுக் கீழே வரிசையாக இடுவது மேல். புதிதாக விதைக்கும்போது ஏக்கருக்கு 150 கிலோ சூப்பர் பாஸ்பேட் போட்டால் ஹெக்டேருக்கு 60 கிலோ மணிச்சத்துக் கணக்கு வரும். பிறகு ஆண்டுக்கு 70 கிலோ அளவில் பராமரிக்கலாம்.

ராக் பாஸ்பேட் (பாஸ்பேட் பாறையை அரைத்த தூள்) மலிவு என்று கேட்பவர்களுக்கு: பிஎச் 5.5-க்குக் கீழே இருந்தால் தாராளமாகப் போடுங்கள், அமிலமே அதைக் கரைத்துக் கொடுக்கும். கரிசலிலும் சுண்ணாம்பு மண்ணிலும் அது கல்லாகவே கிடக்கும். ராக் பாஸ்பேட் போட்ட கையோடு சுண்ணாம்பும் போடுவது, ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குவது.

## அறிகுறி: குருத்தும் இளம் இலையும் மஞ்சள், அடி இலை பச்சை

இதில் இரண்டு கிளை. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்.

நரம்பும் சேர்ந்து சமமாக வெளுத்திருந்தால் கந்தகம். ஒரு கேள்வி கேட்டாலே பாதி தெரிந்துவிடும்: சூப்பரிலிருந்து டிஏபி-க்கு (டை அம்மோனியம் பாஸ்பேட்) எப்போது மாறினீர்கள்? சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதம்தான், ஆனால் கூடவே சுமார் 11 சதவீதம் கந்தகமும், சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) இருக்கின்றன. டிஏபி-யில் மணிச்சத்து 46 சதவீதம், கந்தகம் கிடையாது. மூட்டை குறைகிறது, சுமை குறைகிறது என்று மாறியவர்கள் வயலில் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் இந்த மஞ்சள் வரும், மணல் கலந்த மண்ணில் இன்னும் சீக்கிரம். ஏக்கருக்கு 50 கிலோ ஜிப்சம் தூவிப் பாருங்கள், அல்லது பழையபடி சூப்பருக்கே திரும்புங்கள்.

நரம்பு பச்சையாக, நடுவில் மட்டும் மஞ்சள் வலை பின்னியிருந்தால் இரும்பு. மண்ணில் இரும்பு இல்லாமல் இப்படி வருவது அரிது. இருக்கும் இரும்பை வேர் எடுக்க முடியாத நிலைதான் காரணம். முதலில் நீர் தேக்கம், அடுத்து காரம். மண்ணில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஒரு வரிசைக்கு மட்டும் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் தெளியுங்கள். ஒரு வாரத்தில் தெளித்த இலை பச்சையேறினால் உறுதி. அன்னபேதியை அந்த மண்ணிலேயே போடுவது வீண், சில நாளில் கட்டிக்கொள்ளும். பிஎச் 8-ஐத் தாண்டிய நிலத்தில் வருடம் முழுக்கத் தெளித்துக்கொண்டிருப்பதற்குப் பதில், முயல் மசாலை விட்டு வேலி மசாலுக்கு மாறிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

## அறிகுறி: சுண்ணாம்பு போட்ட பிறகு மோசமானது

ஒரு வயலில் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். சுண்ணாம்பு மூட்டைகளை இறக்கி அடுக்கிய மூலையில், சிந்திய தூள் வெள்ளையாகக் கிடந்த வட்டத்துக்குள் முயல் மசால் எலுமிச்சை மஞ்சளாக, விரல் உயரத்தில் நின்றது. சுண்ணாம்பு எட்டாத வரப்போரம் முழங்கால் உயரம், கரும்பச்சை. வயலின் மீதி இடம் இரண்டுக்கும் நடுவில். எங்கே சுண்ணாம்பு கூடுதலோ அங்கே மஞ்சள் கூடுதல், கோடு போட்ட மாதிரி.

மணல் மண்ணில் அளவு மிஞ்சினால் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, போரான் எல்லாம் வேருக்கு எட்டாமல் போய்விடும். அந்தச் சுண்ணாம்பைத் திரும்ப அள்ள வழியில்லை. தொழுவுரம் போட்டு, ஒன்றிரண்டு முறை நுண்ணூட்டம் தெளித்து, காலத்துக்கு விட வேண்டியதுதான். மேலே மட்டும் தூவிக் கலக்காமல் விட்டிருந்தால், ஆழமாக உழுது கலப்பதே பாதி மருந்து.

சுண்ணாம்போடு யூரியாவையோ டிஏபி-யையோ ஒன்றாகப் போட்டீர்களா என்றும் பாருங்கள். அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும், மூக்கிலேயே தெரியும். சுண்ணாம்புக்கும் மற்ற உரத்துக்கும் நடுவே மூன்று நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும்.

## அறிகுறி: வேர் குட்டையாக, முனை தடித்து, சல்லிவேரே இல்லை

இதுதான் சுண்ணாம்பு கேட்கும் வேர். கடும் அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்முனையைத் தின்கிறது. வாளியில் கழுவிப் பார்த்தால் வேர்கள் மொட்டையாக, பழுப்பாக இருக்கும். வெயில் ஏறியதும் பக்கத்து வயலுக்கு முன்னால் இந்தச் செடி தலையைத் தொங்கப்போடும். வேலி மசால், சவுண்டல், குதிரை மசாலில் இதை அடிக்கடி பார்க்கலாம். முயல் மசாலில் அபூர்வம்.

முதலில் நூற்புழு இல்லை என்றும், ஓர் அடிக்குக் கீழே பாறையோ இறுகிய தட்டோ இல்லை என்றும் உறுதி செய்யுங்கள். அப்புறம் பிஎச்.

- பிஎச் 5.5-க்கு மேல்: சுண்ணாம்பு வேண்டாம், எந்தப் பயிரானாலும் வேறு காரணத்தைத் தேடுங்கள்.
- 5 முதல் 5.5 வரை: முயல் மசாலுக்கு வேண்டாம். மற்றவற்றுக்குக் கொஞ்சம் தேவைப்படும்.
- 5-க்குக் கீழ்: சவுண்டல், வேலி மசால் என்றால் கட்டாயம். முயல் மசால் என்றால் சூப்பரில் இருக்கும் சுண்ணாம்புச்சத்தே பெரும்பாலும் போதும்.

எவ்வளவு என்பதை பிஎச் எண் மட்டும் சொல்லாது, மண்ணின் கனம்தான் சொல்லும். பிஎச்-சை ஒரு புள்ளி உயர்த்த மணல் மண்ணுக்கு ஏக்கருக்கு அரை டன்னில் முடியலாம், களிமண்ணுக்கு ஒன்றரை டன்னும் தாண்டலாம். ஆகவே இங்கே நிறுத்தி ஆய்வகத்துக்குப் போங்கள். வெறும் பிஎச் போதாது, "சுண்ணாம்புத் தேவை" என்று தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நீற்றாத சுண்ணாம்பு வேண்டாம், மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் தூள் வாங்குங்கள். கரடுமுரடாக இருந்தால் வருடக்கணக்கில் கரையாது. அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மஞ்சள் இருந்தால் மக்னீசியமும் குறை, அப்போது டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்) எடுங்கள்.

ஆழத்தில் இருக்கும் அமிலத்துக்கு மேலே போடும் சுண்ணாம்பு எட்டாது. சவுண்டல் மாதிரி ஆழ வேர் மரத்தை அப்படிப்பட்ட நிலத்தில் வைத்து மல்லுக்கட்டாதீர்கள்.

## அறிகுறி: அடி இலை ஓரத்தில் வெண்புள்ளி, பிறகு கருகல், மகசூல் ஆண்டுக்கு ஆண்டு இறக்கம்

இரண்டாம், மூன்றாம் ஆண்டில் வரும். முதலில் இது நோயா என்று பிரியுங்கள். புள்ளி இலை நடுவிலும் தண்டிலும் இருந்து, நடுவே சாம்பல் நிறமும் சுற்றிக் கறுப்பு விளிம்புமாக இருந்தால் அது ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சை நோய். எந்த உரமும் தீர்க்காது, தாங்கும் ரகத்துக்கு மாற வேண்டும். கருகல் எல்லா இலையிலும் ஒரே நேரத்தில் வந்து மண்ணும் வெளுத்திருந்தால் உப்பு.

ஓரத்தில் மட்டும், அடி இலையில் தொடங்கியிருந்தால் சாம்பல்சத்து. அறுத்து எடுத்துப்போகும் வயலுக்கே உரிய குறை இது. கணக்கைப் பாருங்கள்: ஏக்கருக்கு இரண்டரை டன் காய்ந்த தீவனம் அறுத்தால் அதோடு 37 முதல் 50 கிலோ பொட்டாசியம் வெளியேறுகிறது. ஈடுகட்ட 75 முதல் 100 கிலோ பொட்டாஷ் உரம் வேண்டும். மேயவிடும் நிலத்தில் இது பெருமளவு அங்கேயே திரும்பி விழும். "சாணம் முழுக்க வயலுக்குத்தான் போகிறது" என்பார்கள் சிலர். ஆனால் மாடு பொட்டாசியத்தின் பெரும்பகுதியை மூத்திரத்தில்தான் கழிக்கிறது. அது கொட்டகைத் தரையில் ஓடி வாய்க்காலில் சேர்ந்தால், சாணக் குப்பையில் மிஞ்சுவது கொஞ்சம். கொட்டகைக் கழிவுநீரை வயலுக்குத் திருப்புவதுதான் இங்கே செலவில்லாத மருந்து. அதற்குப் பிறகும் குறைந்தால் பொட்டாஷ் வாங்குங்கள். ஒரே தடவையில் கொட்டாமல், அறுப்புக்கு அறுப்பு பிரித்துப் போடுங்கள்.

## அறிகுறி: நுனி சாகிறது, அல்லது இலை பொடிப்பொடியாகக் கொத்துக்கொத்தாக வருகிறது

நுனி மொட்டு கருகிப் பக்கக் கிளை வெடித்தால் போரான். இலை சிறுத்து, வெண்கல நிறம் பாய்ந்தால் துத்தநாகம். துத்தநாகத்தை லிட்டருக்கு 5 கிராம் சிங்க் சல்பேட், இரண்டரை கிராம் நீற்றிய சுண்ணாம்பு கலந்து தெளித்துப் பார்க்கலாம். போரானை ஆய்வு முடிவு இல்லாமல் தொடாதீர்கள், குறைவுக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகச் சிறியது.

ஒரு செடி மட்டும் துடைப்பம் மாதிரி கொத்தாகி, பக்கத்துச் செடி நன்றாக இருந்தால் அது சத்துக்குறையே அல்ல. சிற்றிலை நோய், தத்துப்பூச்சி பரப்புவது. பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

## எதிலும் அடங்காவிட்டால்: ஐந்து திட்டுச் சோதனை

அறுத்த மறுநாள், வயலின் சராசரியான இடத்தில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் ஐந்து திட்டுக் குச்சியடியுங்கள். ஒன்றில் 150 கிராம் சூப்பர், ஒன்றில் 100 கிராம் பொட்டாஷ், ஒன்றில் 50 கிராம் ஜிப்சம், ஒன்றில் 40 கிராம் யூரியா, ஒன்றைச் சும்மா விடுங்கள். ஈரம் இருக்க வேண்டும். அடுத்த அறுப்பில் ஒவ்வொன்றையும் தனியாக அறுத்து எடை போடுங்கள். யூரியாத் திட்டு மட்டும் எழுந்தால், அது யூரியா வாங்கச் சொல்லும் செய்தி அல்ல. முடிச்சைச் சரிசெய்யச் சொல்கிறது, மேலே இரண்டாவது அறிகுறிக்குத் திரும்புங்கள். ஜிப்சமும் சூப்பரும் ஒரே அளவு எழுந்தால் குறை கந்தகம் அல்லது சுண்ணாம்புச்சத்து, மணிச்சத்து அல்ல. எல்லாத் திட்டும் சமமாக நின்றால் உரத்தில் பிரச்சினை இல்லை.

## இந்த இடங்களில் தாமதிக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்

பிஎச் 8.5-க்கு மேல் வந்தால், அல்லது ஒரு பிடி மண்ணை மழைநீர் நிரம்பிய கண்ணாடிச் சீசாவில் போட்டு ஒரு நாள் கழித்தும் நீர் தெளியாமல் கலங்கியே நின்றால், அது களர் (சோடியம் மிகுந்த கார மண்). ஜிப்சம் டன் கணக்கில் தேவைப்படும், வடிகாலும் வெட்ட வேண்டும். அளவை மண் ஆய்வாளர்தான் சொல்ல வேண்டும். நூற்புழுக் கணு பாதிச் செடிகளுக்கு மேல் இருந்தாலும், ஐந்து திட்டும் அசையாமல் நின்றாலும் அதேதான்.

போகும்போது ஒரே பையில் மண்ணைக் கலந்து எடுத்துப் போகாதீர்கள். நல்ல இடத்து மண் ஒரு பை, மோசமான இடத்து மண் ஒரு பை, இரண்டிலும் மேல் அரை அடி தனி, அடுத்த அரை அடி தனி. ஆக நான்கு பை. ஈர மண்ணை நிழலில் உலர்த்துங்கள், உரச்சாக்கில் கட்டாதீர்கள். கடைசி இரண்டு ஆண்டில் என்ன உரம், எத்தனை மூட்டை, எப்போது சுண்ணாம்பு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி முதல் பையோடு கட்டி அனுப்புங்கள்.